மீனை மட்டும் எடை போட்டால் போதுமா? பழவேற்காட்டு அக்கா போட்ட வண்டிக் கணக்கு!

பழவேற்காட்டில் மடவை, கொடுவா, இறால், பச்சை நண்டு என ஏரியும் கடலும் கொடுப்பதெல்லாம் கூடை கூடையாகக் கரையேறும். ஆனால், கரையில் கிடைப்பது பாதி விலைதான். மீதி, சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்கு அந்த மீன் எந்த நிலையில் போய்ச் சேர்கிறது என்பதில் இருக்கிறது.

ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் மீன் வியாபாரம் செய்யும் அந்த அக்காவுக்கு இது அனுபவப் பாடம். போன சித்திரையில் வாடகைக்கு எடுத்த சின்ன லோடு வண்டியில், கிளம்பும் நேரத்தில் இன்னும் நாலு பெட்டி ஏற்றினார்கள். பொன்னேரி சாலையில் பின் டயர் வெடித்தது. ஓட்டிய தம்பி எப்படியோ ஓரம்கட்டிவிட்டார். உயிருக்கு ஆபத்தில்லை. மாற்று வண்டி வருவதற்குள் ஐஸ் தண்ணீராகி, இறால் கேட்ட விலைக்குப் போனது.

அன்று இரவே முடிவானது, சொந்த வண்டி வாங்குவதென்று. முன்பணத்துக்கு அக்காவின் ஆறு பவுன் சங்கிலி அடகுக்குப் போகும். அதனால் இந்த முறை தப்பு நடக்கக் கூடாது.

தம்பியின் மனசு 'குட்டி யானை' மேல். 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு, சந்துபொந்தெல்லாம் நுழையும் அந்த வண்டிக்கு நம் ஊர் வைத்த செல்லப்பெயர் அது. தவணையும் குறைவு. "நம்ம சரக்கு அரை டன்னுதானேக்கா, முக்கா டன்னு வண்டி தாராளமாப் போதும்" என்றார்.

"மீனை மட்டும் எடை போட்டா ஆச்சாடா? ஐஸு யாரு தலைமேல வரும்?" என்றார் அக்கா.

கணக்கு அங்கேதான் மாறியது. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது பொதுவான அளவு. 500 கிலோ மீன் என்றால் 500 கிலோ ஐஸ். பிளாஸ்டிக் பெட்டிகள், கூட வரும் ஆள் எல்லாம் சேர்ந்தால் 1,100 கிலோவைத் தாண்டிவிடும். முக்கால் டன் வண்டி அதையும் இழுக்கும்தான். ஆனால், இழுப்பது வேறு, தாங்குவது வேறு. டயர், கமான் பட்டை, பிரேக் மூன்றும் தாங்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. அங்கே வீடு போன்ற பெரிய டிரெய்லரை பிக்கப் வண்டியில் மாட்டி ஊர் சுற்றுவார்கள். 'ஃபிஃப்த் வீல்' என்ற அந்த வகை டிரெய்லரின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிக்கப்பின் பின்பக்கத்தில் வந்து உட்காரும். விளம்பரத்தில் சொல்லும் இழுவைத் திறனை மட்டும் பார்த்து வாங்கியவர்கள், பிறகுதான் சுமைத் திறனைத் தேடுவார்கள். ஊர் வேறானாலும் தப்பு ஒன்றுதான்.

வண்டி எவ்வளவு தாங்கும் என்பது ஆர்.சி. புக்கிலேயே இருக்கிறது. சரக்கோடு மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் விடை வந்துவிடும். அதற்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால், 2019 சட்டத் திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் தனி.

இந்தக் கணக்குக்கு ஒன்றேகால் டன் ரகம் பொருந்தியது. அசோக் லேலண்டின் தோஸ்த் 2011-ல் வந்தது இந்த ரகத்தில்தான். இன்னும் பெரிய பிக்கப் எடுக்கலாமே என்று தம்பி கேட்டார். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டினால் பெர்மிட் எடுக்க வேண்டும். தினமும் ஒரு டன் ஏற்றுபவருக்கு அந்தச் செலவு வீண். லைசென்ஸ் பற்றிய பயமும் தீர்ந்தது. கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கும் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

பழைய வண்டி ஒன்றும் மலிவாக வந்தது. அக்கா குனிந்து அடியில் பார்த்தார். மீன் பெட்டியிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் சேஸியை அரித்திருந்தது. வேண்டாம் என்று திரும்பிவிட்டார்.

கடைசியில், வங்கிக் கடனில் புது வண்டி அக்கா பெயரிலேயே வந்தது. வெப்பம் புகாத மூடிய மீன் வண்டி வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவிகிதமும், பெண்கள் மற்றும் பட்டியலின, பழங்குடியினருக்கு 60 சதவிகிதமும் மானியம் வைத்தார்கள். இப்போது நிதி இருக்கிறதா என்பதை, வாங்கும் முன்பே மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. மூடிய பெட்டியின் எடையும் சுமையில்தான் சேரும், மறக்க வேண்டாம்.

வண்டி வந்த மாதத்திலேயே ஒருநாள் நல்ல பாடு. மீன், ஐஸ் எல்லாம் அளவாக ஏற்றி முடித்த பிறகும் கரையில் பெட்டிகள் மிச்சம்.

"நாலு பெட்டிதானேக்கா, ஏத்திக்கலாமே?" என்றார் தம்பி.

"அன்னிக்கும் நாலு பெட்டிதான்டா" என்றார் அக்கா. அந்த நாலு பெட்டியும் பக்கத்து வீட்டு வண்டியில் வாடகை கொடுத்துப் போனது.