கோவளத்தில் ஒரு மாலை

"கடற்கரைக்குப் போகலாம்" என்றாலே எனக்கு உள்ளூர பயம். விடியற்காலையிலேயே அடுப்பு முன் நிற்பது நான்தானே! இம்முறை பக்கத்து வீட்டு அக்கா யோசனை சொன்னார்: நாலு குடும்பம், ஆளுக்கொரு அயிட்டம். எனக்கு விழுந்தது புளியோதரை மட்டும். முதல் நாளே புளிக்காய்ச்சல் ரெடி.

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் சுமார் 30 கி.மீ.தான். 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை. காலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும். மாலையில் சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும். அதனால் மத்தியானத்துக்கு மேல் கிளம்பினோம்.

குழந்தைகளைக் கணுக்கால் தண்ணீருக்கு மேல் விடவில்லை. திரும்பும் அலை காலடி மணலையே இழுக்கும். கணவன்மார்கள் முறை வைத்துக் காவல் நின்றார்கள். நாங்கள் நால்வரும் காலை நீட்டி உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் யாரும் "அம்மா!" என்று கூப்பிடவில்லை. கல்யாணமாகி இருபது வருஷத்தில் இதுவே முதல் தடவை!

நீங்களும் சமையலைப் பங்கு போட்டுப் பாருங்களேன்.