மாலை வகுப்பில் தமிழ்: வயதுவந்த மாணவரும் ஆசிரியரின் பாடமுறையும்

தமிழகத்திற்கு வெளியே தமிழ் பயிற்றும் ஆசிரியரிடம் வந்து சேரும் மாணவருள் ஒரு சாரார், அலுவல் முடித்து மாலையில் வருபவர்கள். சென்னைக்கு மாற்றலாகவிருக்கும் வங்கி அலுவலர், கல்வெட்டுகளைப் படிக்க விழையும் வரலாற்று ஆய்வாளர், தமிழ்க் குடும்பத்தில் மணம் புரிந்துகொண்ட பெண், பணி ஓய்வுக்குப்பின் பழைய ஆசையொன்றை நிறைவேற்றிக்கொள்ள வந்தவர் எனப் பல திறத்தாரும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். ஆசிரியரைவிட இருபது ஆண்டு மூத்தோரும் அவருள் உண்டு. இவர்களை வகுப்பில் இருத்திவைப்பது தேர்வச்சம் அன்று. பயனில்லை எனத் தோன்றினால் மறுவாரம் வரமாட்டார்கள், அவ்வளவே. ஆகவே எவ்வாறு கற்பிப்பது என்னும் வினா, வகுப்பு நிலைக்குமா என்னும் வினாவாகவும் ஆகிவிடுகின்றது.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில், மாணாக்கர் கொள்ளும் திறனறிந்து ஆசிரியர் கொடுத்தல் வேண்டும் என வகுத்தார். மால்கம் நோல்சு 1970இல் வெளியிட்ட நூலில் வயதுவந்தோர் கல்வியைச் சிறார் கல்வியினின்று பிரித்துக் காட்டியபோது, வயதுவந்தவர் தம் பட்டறிவையும் உடன்கொண்டு வகுப்பிற்கு வருகிறார் என்பதை வலியுறுத்தினார். தமிழ் வகுப்பைப் பொறுத்தவரை அப்பட்டறிவு யாது? முதலாவது, அவர்தம் தாய்மொழி. இரண்டாவது, தமிழ் தேவைப்படும் அவர்தம் வாழ்க்கைச் சூழல். இவ்விரண்டையும் அறிந்துகொள்ளும் அளவிற்கே ஆசிரியரின் தனிமுறை உருப்பெறுகின்றது எனலாம். தில்லியில் மாலைநேரச் சான்றிதழ் வகுப்பொன்றை நடத்திவரும் ஆசிரியர் ஒருவரின் பாடக்குறிப்பேடு இதற்குச் சான்றாக அமைகின்றது. சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், ஆண்டுதோறும் பாட வரிசையை மாற்றியமைத்த விதம் அதில் பதிவாகியுள்ளது.

முதல் மாற்றம் எழுத்துப் பாடத்தில் நிகழ்ந்தது. தமிழ்க் குழந்தைக்குரிய அட்டவணை 247 எழுத்துகளையும் அடுக்கிக் காட்டுவது. தேவநாகரி அறிந்தவர்க்கோ மெய்யோடு உயிர்க்குறி சேரும் நெறி புதிதன்று. இரு வரிவடிவங்களும் பிராமியின் வழிவந்தவை. எனவே 12 உயிர்களும் 18 மெய்களும் உயிர்க்குறிகளுமே அவர்க்குப் போதுமானவை. அவர் இடர்ப்படும் இடம் வேறு. இந்தியில் எகர ஒகரக் குறில்களுக்குத் தனியெழுத்து இல்லை. அதனால் 'எடு' என்பது 'ஏடு' என்றும், 'கொடு' என்பது 'கோடு' என்றும் ஒலிக்கப்படுகின்றன. தெலுங்கரும் கன்னடரும் இப்பிழை செய்வதில்லை. க, ச, ட, த, ப ஆகியவை இடத்திற்கேற்ப வேறுபட்டு ஒலிப்பதும் இந்தி மாணவரை மயக்குகின்றது. ஆயின் 'பட்டு', 'பந்து', 'படம்' என்னும் சொற்களை அருகருகே எழுதி, இரட்டித்த இடத்தும் மெல்லினத்தின் பின்னும் உயிர்களுக்கிடையிலும் வல்லினம் ஒலிக்கும் வகையைக் காட்டியதும், வயதுவந்தவர் விதியைத் தாமே வருவித்துக்கொள்கின்றார்.

இலக்கணப் பாடத்திலும் இதுவே நிகழ்ந்தது. ஆங்கிலம் வழி எழுதப்பட்ட பாடநூல்கள் 'எனக்குத் தெரியும்' என்னும் தொடரை ஒரு புதுமையாக விளக்குகின்றன. எழுவாய் நான்காம் வேற்றுமை ஏற்கும் அமைப்பு ஆங்கிலத்தில் இல்லை. 'முஜே மாலூம் ஹை' என்று நாள்தோறும் சொல்பவர்க்கு அதில் வியப்பேதும் இல்லை. அவ்வாறே 'சாப்பிட்டு வந்தான்' என்பதில் உள்ள வினையெச்சத்திற்குக் 'கா கர்' என்பது நேரிணை. இந்திய மொழிக் குடும்பங்களுக்கிடையே நிலவும் இத்தகைய பொதுமைகளை எமனோ 1956லேயே எடுத்துக்காட்டினார். எனினும் மாலை வகுப்பின் பாடநூல் பக்கத்து வீட்டு உறவை மறந்து, தொலைதூர ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றி வந்தது. 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு 'ஹம்' ஒன்றையே அறிந்த இந்தியர்க்குக் கடினம். 'ஆபண்', 'ஆம்ஹீ' என இரண்டையும் வழங்கும் மராத்தியர்க்கு எளிது. இதனைக் கண்டறிந்த அவ்வாசிரியர் அப்பாடத்தில் மராத்தி மாணவரையே விளக்கச் செய்தார். பிறர்க்கு விளக்கியவர் தாமும் வகுப்பில் தயக்கம் நீங்கிப் பேசலானார் என்கிறது குறிப்பேடு.

பெருஞ்சிக்கல் இரட்டை வழக்கில் எழுந்தது. தமிழ்க் குடும்பத்தில் மணம் புரிந்த பெண்மணி ஆறு மாதங்களில் பாடநூலைப் பிழையின்றிப் படித்தார். ஆனால் தொலைபேசியில் மாமியார் 'சாப்ட்டியாம்மா?' என வினவியது அவர்க்கு விளங்கவில்லை. மாமியார்க்கு அறுவை சிகிச்சை நாள் குறிக்கப்பட்டிருந்தது. மருமகளே மருத்துவமனையில் உடனிருக்க வேண்டும். 'தண்ணி வேணும்', 'மூச்சு விட முடியலெ' என்று நோயாளி சொன்னால் அவர் உடனே உணர்ந்துகொள்ள வேண்டும். 'வேண்டும்', 'முடியவில்லை' என்ற வடிவங்களை மட்டும் கற்பித்த வகுப்பு, தேவை நேர்ந்த இடத்தில் அவரைத் தனியே விட்டிருக்கும்.

அதன்பின் ஒவ்வொரு பாடமும் இரு வழக்கிலும் எழுதப்பட்டது. ஒரு பத்தியில் எழுத்து வழக்கு; எதிர்ப்பத்தியில் பேச்சு வழக்கு. வந்தார்கள் - வந்தாங்க. இருக்கிறது - இருக்கு. வீட்டில் - வீட்ல. இவை ஒழுங்கற்ற சிதைவுகள் அல்ல என்பதே வயதுவந்த மாணவர்க்குக் கிட்டிய ஊக்கம். முதலசையில் உள்ள இகரமும் உகரமும், ஒற்றை மெய்யோடு அகரமோ ஐகாரமோ அடுத்து வருமிடத்து, பேச்சில் எகரமாகவும் ஒகரமாகவும் மாறுகின்றன. இடம் 'எடம்' ஆகின்றது. இலை 'எலெ' ஆகின்றது. உடம்பு 'ஒடம்பு' ஆகின்றது. குடை 'கொடெ' ஆகின்றது. நான்கு சொற்களைக் கேட்டவர் ஐந்தாவதைத் தாமே ஊகிக்கின்றார். விதியைத் தேடும் இவ்வியல்பு முதிர்ந்த மாணவரின் வலிமை. அப்பெண்மணிக்கு மருத்துவமனைப் பேச்சே ஒரு மாதப் பாடமாயிற்று. வங்கி அலுவலர் கணக்குத் தொடங்க வரும் மூதாட்டியுடன் உரையாடிப் பழகினார். 'அம்மா', 'அண்ணா', 'தம்பி' என அயலாரையும் உறவு சொல்லி அழைக்கும் வழக்கும் அப்பாடங்களிலேயே இடம்பெற்றது. 'தூ', 'தும்', 'ஆப்' என மூன்றை அறிந்தவர் 'தும்' வரும் இடத்தில் 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா எனத் தயங்கியபோது, உறவுச்சொற்களே அவர்க்கு வழிகாட்டின.

பிழை திருத்தும் முறையும் மாறியது. தம் அலுவலகத்தில் பலர்க்கு ஆணையிடும் ஒருவர், வகுப்பில் 'பழம்' என்பதைப் 'பலம்' என்று ஒலித்து மூன்று முறை திருத்தப்பட்டால் நான்காம் முறை வாய் திறப்பதில்லை. அவ்வாசிரியர் பேச்சை இடைமறிப்பதை விடுத்துப் பிழைகளைக் குறித்துக்கொண்டு, வகுப்பின் இறுதியில் பெயர் சுட்டாது தாய்மொழி வாரியாகத் தொகுத்துரைத்தார். தொகுத்தபோது அவை தனியாளின் குறைகளாகத் தோன்றாமல் மொழிகளுக்கிடையிலான வேறுபாடுகளாகத் தெரிந்தன.

இம்முறைக்கு எல்லைகளும் உள. 1969இல் மைசூரில் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், தன் வட்டார மையத்தின் வழிப் பிறமொழிப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பத்துமாத முழுநேரத் தமிழ்ப் பயிற்சி அளித்து வந்துள்ளது. வாரத்திற்குச் சில மணி நேரமே கூடும் மாலை வகுப்பில் அத்துணை ஆழம் இயலாது. சான்றிதழ்த் தேர்வோ எழுத்து வழக்கை மட்டுமே சோதிக்கின்றது; பேச்சிற்குச் செலவிட்ட நேரம் மதிப்பெண்ணில் தோன்றுவதில்லை. கல்வெட்டு ஆய்வாளர்க்குப் பேச்சுப் பாடம் மிகையாகவும் பட்டது. அவர்க்கெனத் தனிப்பாடம் வகுப்பதற்கு நேரமே தடையாக நின்றது.

ஒருவரின் குறிப்பேட்டில் தங்கிவிட்ட இத்தகைய செய்திகள், தமிழகத்திற்கு வெளியேயுள்ள தமிழ்ப் பிரிவுகள் அனைத்திற்கும் உரியவை. இந்தியர், வங்காளியர், மராத்தியர் ஆகியோர் தமிழில் செய்யும் பிழைகளைத் தாய்மொழி வாரியாகத் தொகுப்பதும், ஆங்கிலத்தின் துணையின்றி அவ்வம்மொழி வழியே தமிழ் இலக்கணத்தை விளக்கும் சிறுநூல்கள் எழுதுவதும், பேச்சு வழக்கிற்குத் தேர்வில் இடமளிப்பதும் இப்பிரிவுகள் கூடி மேற்கொள்ளத்தக்க பணிகளாகும். புதிதாகப் பணியேற்கும் ஆசிரியர் அப்போது வெறுங்கையுடன் தொடங்க வேண்டியிராது.