பார்ப்பதற்கு முன்னால் வைத்த பெயர்

நண்பரின் பத்திரிகைத் தொகுப்பு 2011ல் என் கைக்கு வந்தபோது இரண்டு நாள் அவகாசத்தோடுதான் வந்தது. அவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார் அவர் மகன். எழுபதுகளின் பிற்பாதியில் வந்த பன்னிரண்டு இதழ்கள், இதழுக்கு 48 பக்கம், ஒரே பைண்டு. வேறு பிரதி யாரிடமும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான் மெதுவாக வேலை செய்பவன். ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து, திரையில் வந்ததைப் படித்து, ஒரு பெயர் யோசித்துச் சேமிப்பேன். என் விமர்சனம் அந்தப் பெயர்களிலும் புகுந்துகொள்ளும். பிடித்த கவிதைக்குக் கவிஞர், இதழ், வருஷம் எல்லாம் உண்டு. பிடிக்காத கதைக்கு 'கதை2'. சந்தா அறிவிப்பை ஸ்கேன் செய்யவே மாட்டேன். இந்த வேகத்தில் 576 பக்கம் நடக்காது.

எனவே இர்ஃபான்வியூ. பொஸ்னியரான இர்ஃபான் ஸ்கில்யான் 1996ல் வெளியிட்ட படம் பார்க்கும் மென்பொருள், சொந்த உபயோகத்துக்கு இலவசம். தொடர்ந்து ஸ்கேன் செய்ய அதில் ஒரு வழி இருக்கிறது. பெயரின் முன்பகுதி, தொடங்கும் எண், எத்தனை இலக்கம், எண் எத்தனை எத்தனையாக ஏற வேண்டும், எந்த ஃபோல்டர் என்றெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு அது நம்மை எதுவும் கேட்காது. இலக்கம் நான்கு என்று வைத்தேன். வெறும் 1, 2 என்று விட்டால் சில மென்பொருள்களில் 1க்கு அடுத்து 10 வந்து நின்றுகொள்ளும். ஏற்றத்தை இரண்டு என்று வைத்தால் இன்னொரு சௌகரியம். பைண்டைக் கண்ணாடிமேல் ஒரே வாக்கில் வைத்து வலப்பக்கங்களை மட்டும் 1, 3, 5 என்று முடித்துவிட்டு, திருப்பி வைத்து இடப்பக்கங்களை 2, 4, 6 என்று எடுக்கலாம். இரண்டு வரிசையும் ஃபோல்டரில் தாமாகவே கோத்துக்கொள்ளும்.

கை புரட்டியது, விளக்கு நகர்ந்தது, நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தா அறிவிப்புக்கும் கவிதைக்கும் ஒரே மாதிரிப் பெயர். அந்த அளவில் யந்திரம் என்னைவிட நியாயமாகத்தான் நடந்துகொண்டது. ஞாயிறு மாலை பைண்டைத் திருப்பிக் கொடுத்தேன். பின்னால் அது பழைய பேப்பரோடு போய்விட்டதாகத் தெரிந்தது.

படங்களை நாலைந்து பேருக்குக் கொடுத்திருந்தேன். அவர்களில் ஒரு இளைஞர் சென்ற வருஷம் ஒரு கட்டுரை எழுதி எனக்கு அனுப்பினார். நண்பரின் கவிதை ஒன்றைப் பற்றி. அது முடிக்க மறுக்கும் கவிதை, அந்தரத்தில் நிறுத்தியதில்தான் அதன் நவீனம் இருக்கிறது என்பது அவர் வாதம். நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் அந்தக் கவிதை வந்த நாளில் நான் அதைப் படித்தவன். அதற்கு ஒரு முடிவு இருந்தது.

ஃபோல்டரைத் திறந்தேன். 0034, 0035, 0036, 0037 என்று வரிசை பிசகாமல் போகிறது. 0036ஐப் பெரிதாக்கினால் பக்கத்தின் அடியில் அச்சான எண் 38. இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. வலப்பக்கம் எடுத்தபோது 37 போயிற்று, இடப்பக்கம் எடுத்தபோது 36 போயிற்று. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று குறைந்ததால் கணக்கு இடிக்கவில்லை. 38ல் ஒரு மொழிபெயர்ப்பு புதிதாக ஆரம்பிக்கிறது. அதனால் படித்தவர்களுக்கும் தட்டவில்லை. 37ல் என்ன இருந்தது என்பது எனக்கும் ஞாபகமில்லை.

முன்பு மைக்ரோஃபிலிம் எடுத்தவர்கள், இல்லாத பக்கத்தின் இடத்தில் 'பக்கம் இல்லை' என்று எழுதிய அட்டையைப் படம் எடுப்பார்கள். இல்லாததற்கும் பிலிமில் ஒரு சட்டம் கிடைத்தது. நான் வைத்த பெயர்களோ பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்பே தயாராக இருந்தவை. எது வந்தாலும் அடுத்த எண் அதன்மேல் விழுந்தது.

சொல்லத் தயங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்த முடிவின் வார்த்தைகள் எனக்கு நினைவில்லை. அது பிடிக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. கடைசியில் அம்மாவைக் கொண்டுவந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார். அன்றைக்கே அவரிடம் சொன்னேன், அதற்கு முன்னாலேயே நிறுத்தியிருக்கலாம் என்று. இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது நான் கேட்டபடியே கவிதை நிற்கிறது, அவரைக் கேட்காமல்.

ஒரு வெள்ளைத்தாளில் '36, 37ஆம் பக்கங்கள் இல்லை. 36ல் கவிதையின் முடிவு இருந்தது' என்று எழுதி, அதையே இரண்டு தடவை ஸ்கேன் செய்தேன். அவற்றை நுழைக்கப் பின்னால் இருந்த பதினொரு கோப்புகளின் பெயரையும் மாற்ற வேண்டியிருந்தது. முன்னாலிருந்து தொடங்கினால் 0036ஐ 0038 ஆக்கும்போது ஏற்கெனவே அங்கே ஒரு 0038 இருக்கும். அதனால் கடைசியிலிருந்து வந்தேன். 0046ஐ 0048 ஆக்கி, 0045ஐ 0047 ஆக்கி, ஒவ்வொன்றையும் திறந்து அடியில் இருந்த எண்ணைப் பார்த்து, கையாலேயே அடித்தேன். இளைஞருக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.