எலி மீசையும் எங்க தாத்தா கையும்!

வத்தலக்குண்டில் பஸ் ஏறினா முதல் வேலையா ஜன்னல் சீட்டைப் பிடிச்சிடுங்க. காமக்காபட்டி செக்போஸ்ட்டைத் தாண்டி டம்டம் பாறைகிட்ட எட்டிப் பார்த்தா, எதிர் மலையில் வெள்ளைக் கோடு ஒண்ணு தொங்கும். தலையாறு அருவி. உயரம் 975 அடி. செல்லப் பேர் 'எலிவால் அருவி'. வாலைப் பார்த்தாச்சா? இந்தக் கட்டுரை எலியோட மீசையைப் பத்தினது!

ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி அருவி எல்லாம் தாண்டி, கொடைக்கானல் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு ஊர் வரும். டூரிஸ்ட் பஸ்கள் பெரும்பாலும் ஹார்ன் மட்டும் கொடுத்துட்டுப் போயிடும். அதுதான் செண்பகனூர். எங்க தாத்தா ஊர்.

இங்கே 1895-ல் இயேசு சபைப் பாதிரியார்கள் ஆரம்பிச்ச திரு இருதயக் கல்லூரி இருக்கு. பழநி மலையின் செடிகளை வாட்டர் கலரில் வரைஞ்சு குவிச்ச பாதிரியார் ஆங்கிலேட் வாழ்ந்தது இங்கேதான். அவங்க உருவாக்கிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு சின்ன வயசில் இருந்தே லீவுக்கு லீவு போவேன். கண்ணாடிக்குள்ளே பாடம் பண்ணி நிறுத்தின பிராணிகள். அப்போ எல்லாம் பல்லையும் நகத்தையும்தான் பார்ப்பேன். இந்தத் தடவை கண்ணு நேரா மீசைக்குத்தான் போச்சு. காரணம், தாத்தா.

தாத்தா மலைப்பூண்டு விவசாயி. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின அதே கொடைக்கானல் பூண்டுதான். கண்ணை மூடிக்கிட்டு விரலால் தடவியே 'இது விதைக்கு, இது விலைக்கு'னு பிரிச்சுப் போடுவார். போன வருஷம் மார்கழியில் ஒரு நாள் ராத்திரி வலது கை மரத்துப் போயிருக்கு. 'குளிருக்குத்தான்'னு கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்துட்டார். விடிஞ்சும் மரப்பு போகலை. ஸ்கேனில் பார்த்தா, இடது பக்க தலாமஸில் ரத்த அடைப்பு.

கை அசையுது. டம்ளரைப் பிடிக்குது. ஆனா, பிடிச்சிருக்குனு கைக்குத் தெரியலை. பார்த்தாத்தான் தெரியும். பார்வை திரும்பினா டம்ளர் கீழே!

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற நான், செமஸ்டருக்குக்கூட புரட்டாத அளவுக்குப் புத்தகங்களைப் புரட்டினேன். எல்லாமே எலியில்தான் போய் நின்னுச்சு. ஏன் எலி? எலிக்குக் கண் பார்வை சுமார்தான். இருட்டில் அதுக்கு விரல் மாதிரி இருக்கிறது மீசை. ஒவ்வொரு கன்னத்திலும் சுமார் 30 பெரிய மீசை முடிகள், அஞ்சு வரிசையில். விநாடிக்கு 5 முதல் 15 தடவை முன்னும் பின்னும் ஆட்டித் தடவும். சொரசொரப்பா, வழுவழுப்பா, பொந்து எவ்வளவு அகலம், எல்லாம் அதிலேயே தெரிஞ்சுடும்.

மீசையின் வேரில் கிளம்பும் சிக்னல் மூளைத் தண்டுக்குப் போய், அங்கிருந்து எதிர்ப்பக்கம் தாண்டி தலாமஸுக்கு வரும். அப்புறம்தான் மேலே, மூளையின் புறணிக்கு. 1970-ல் உல்சி, வான் டெர் லூஸ்னு ரெண்டு பேர் சுண்டெலி மூளையில் ஒரு அதிசயத்தைக் கண்டுபிடிச்சாங்க. மீசை முடிகள் முகத்தில் எந்த வரிசையில் இருக்கோ, அதே வரிசையில் புறணியில் பீப்பாய் பீப்பாயா செல் கூட்டங்கள். ஒரு முடிக்கு ஒரு பீப்பாய்! அதே வரைபடத்தின் ஒரு பிரதி தலாமஸிலும் இருக்கு.

சரி, நடுவில் தலாமஸ் எதுக்கு? நம்ம காமக்காபட்டி செக்போஸ்ட்டை நினைச்சுக்குங்க. 2024 மே மாதம் இ-பாஸ் வந்தப்போ என்ன நடந்துச்சு? வண்டி வந்தா மட்டும் போதாது, மேலே போக அனுமதி வேணும். தலாமஸும் அப்படித்தான். வாசனையைத் தவிர மற்ற புலன்கள் எல்லாம் புறணிக்குப் போற வழியில் இங்கே நின்னுதான் போகணும். எலி தூங்கும்போது கதவு பாதி சாத்தியிருக்கும். முழிச்சு, மோப்பம் பிடிச்சு, மீசையை ஆட்டும்போது திறக்கும். 'இதை விடு, அதை நிறுத்து'னு புறணியில் இருந்தும் சதா உத்தரவு வந்துக்கிட்டே இருக்கும். உங்க சட்டை உடம்பில் உரசுறது இவ்வளவு நேரம் உங்களுக்குத் தெரிஞ்சுதா? இப்போ தெரியுது இல்லே!

தாத்தாவுக்கு ரோடும் நல்லா இருக்கு, ஊரும் நல்லா இருக்கு. செக்போஸ்ட்தான் இடிஞ்சிருக்கு.

மாற்று வழி உண்டா? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிச்ச நம்ம வி.எஸ்.ராமச்சந்திரன், 1990-களில் கை இழந்தவங்களை ஆராய்ஞ்சார். சிலருக்கு முகத்தைத் தொட்டா, இல்லாத கையில் தொட்ட மாதிரி இருந்துச்சு. அதாவது, வளர்ந்த மனுஷனோட மூளையிலும் தொடு வரைபடம் மாறும். தாத்தா கை பழையபடி ஆகும்னு இது உத்தரவாதம் இல்லை. முயற்சி பண்ண ஒரு காரணம், அவ்வளவுதான்.

அதனால இப்போ தினமும் சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணையில் ஒரு விளையாட்டு. பூண்டுப் பல், சட்டைப் பட்டன், சாவி, ஒரு ரூபாய் காசு, பச்சைப் பட்டாணி. தாத்தா கண்ணை மூடிக்குவார். முதலில் இடது கை, அப்புறம் வலது கை. என்னனு சொல்லணும்.

நேத்து வலது கைக்குப் பத்துக்கு ரெண்டு சரி. அஞ்சு பொருள், பத்து தடவை... குருட்டாம்போக்கில் சொன்னாலே ரெண்டு வரும்னு என் புள்ளியியல் மூளை சொல்லுச்சு. வாயைத் திறக்கலை. தாத்தாவே கேட்டார்.

"டேய், இது தேறுமாடா?"

"ரெண்டுங்கிறது சும்மா சொன்னாலே வரும் தாத்தா. அஞ்சு வந்தாத்தான் கணக்கு."

"அப்ப அஞ்சு வர்ற வரைக்கும் நீ லீவுக்கு லீவு வரணும்ல?"

வருவேன். நீங்களும் கொடைக்கானல் போனா செண்பகனூரில் ஒரு மணி நேரம் இறங்குங்க. கண்ணாடிக்குள்ளே இருக்கிற மீசைகளைப் பாருங்க. ஒரே ஒரு வேண்டுகோள்: வீட்டில் யாராவது திடீர்னு 'ஒரு பக்கம் மரத்துப் போச்சு'னு சொன்னா, குளிர் மேலே பழி போடாதீங்க. உடனே 108. அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. நாங்க விடியறவரைக்கும் காத்திருந்தோம்.