மட்டையின் குறையா, கையின் குறையா?



ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பழமொழி. இக்காலத்தில் அதோடு இன்னொரு வரியையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆடத் தெரியாதவரிடம் வணிகர் வந்து, "ஆம், உங்கள் கூடம் கோணல்தான், நேரான கூடம் என்னிடம் விலைக்கு உண்டு" என்கிறார். கோல்ஃப் மட்டை வாங்கச் செல்கிறவர்களுக்கு ஆண்டுதோறும் நேர்வது இதுவே.

கோலாலம்பூரில் நெடுங்காலமாக வாழும் நான், மருத்துவர் நடக்கச் சொன்னதால் இந்த ஆட்டத்தைப் பழகியவன். ஆட்டத்தை அறியாத சகோதரிகளுக்காகச் சில வார்த்தைகள்: பரந்த புல்வெளியில் 18 குழிகள் இருக்கும். மிகக் குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளிலும் பந்தைப் போடுகிறவரே வென்றவர். ஒருவர் 14 மட்டைகள் வரை கொண்டுசெல்லலாம். அவற்றுள் மிக நீளமானதும், பந்தை மிகத் தொலைவுக்கு அனுப்புவதும் 'டிரைவர்' எனப்படும் மட்டை. பெயர்பெற்ற நிறுவனங்களின் புது டிரைவர் ஒன்று இன்று சுமார் 600 அமெரிக்க டாலர் விலை பெறுகிறது.

சென்ற ஆண்டு என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "காக்கா! மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. உங்கள் மச்சானோ புது மட்டை வாங்கியே தீருவேன் என்கிறார். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்றாள். மச்சானுக்கு வயது 58. கையில் இருந்த மட்டை வாங்கி நான்கே ஆண்டுகள்தான். புதியது 20 கஜம் கூடுதலாகப் பந்தை அனுப்பும் என்று எங்கோ படித்துவிட்டார். அவரிடம் நான் சொன்னவற்றை உங்களிடமும் சொல்கிறேன்.

விஞ்ஞானம் இந்த ஆட்டத்துக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. ஒரு காலத்தில் டிரைவரின் தலைப்பகுதி பெர்சிமன் மரத்தால் ஆனது. 1979-இல் டெய்லர்மேட் நிறுவனம் அதை எஃகில் செய்து விற்றது. 1991-இல் காலவே நிறுவனத்தின் 'பிக் பெர்த்தா' தலையைப் பெரிதாக்கியது. பின்னர் டைட்டானியம் வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1959-இல், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம், பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையின் எடையை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் நகர்த்தினார். அதனால், பந்து நடுவில் படாவிட்டாலும் மட்டை அதிகம் திரும்புவதில்லை. கைதேர்ந்தவர் பெரும்பாலும் நடுவிலேயே அடிப்பவர். ஆகவே இத்தகைய மாற்றத்தின் பயன் நம்மைப் போன்ற சாமானியருக்கே அதிகம்.

ஆனால் அந்தப் பாய்ச்சலுக்கு ஒரு வேலி போடப்பட்டுவிட்டது. ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் அமெரிக்க, பிரிட்டிஷ் அமைப்புகள், டிரைவரின் தலை 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2004-இல் வரம்பிட்டன. அதன் முகப்பு பந்தை எவ்வளவு வேகமாய்த் திருப்பி எறியலாம் என்பதற்கும் எல்லை உண்டு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எல்லா நிறுவனங்களும் இந்த வேலிக்குள்தான் உழுகின்றன. சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். ஆண்டுக்குப் பத்துக் கஜம் கூடுகிறது என்பது மெய்யானால், இருபது ஆண்டுகளில் 200 கஜம் கூடியிருக்க வேண்டுமே!

உண்மை என்ன? பிரிட்டனில் சாதாரண ஆண் ஆட்டக்காரர்களின் அடியை அளந்தபோது, 1996-இல் சராசரி 200 கஜமாக இருந்தது. 2019-இல் அது ஏறத்தாழ 216 கஜம். 23 ஆண்டுகளின் விஞ்ஞானம் அனைத்தும் சேர்ந்து தந்தது 16 கஜம். அதே காலத்தில் அமெரிக்கத் தொழில்முறை வீரர்களின் சராசரி சுமார் 266 கஜத்திலிருந்து சுமார் 294 கஜமாக உயர்ந்தது. அவர்களுக்கு மட்டும் 28 கஜம் கூடியது ஏன்? அவர்கள் மட்டையைச் சுழற்றும் வேகம் மணிக்கு சுமார் 115 மைல். சாமானியரின் வேகமோ அதைவிட மிகக் குறைவு. உடற்பயிற்சியாலும் இடைவிடாத உழைப்பாலும் வந்த அந்த வேகத்தை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

நம் நாட்டு அலி ஷேரை நினைத்துப் பாருங்கள். தில்லி கோல்ஃப் கிளப்பில் பிறருடைய மட்டைப் பைகளைச் சுமந்த இளைஞர் அவர். 1991-இல் இந்தியன் ஓப்பன் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரரானார். 1993-இல் மீண்டும் வென்றார். ஸ்பெயின் நாட்டின் செவரியானோ பாலஸ்டெரோஸ் சிறுவயதில் ஒரே ஒரு மட்டையைக் கொண்டு கடற்கரை மணலில் ஆடிப் பழகியவர். பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் மும்முறை அவருடையதாயிற்று.

மச்சான் உடனே இசையவில்லை. "நீங்கள் கணக்குப் பேசுகிறீர்கள், நான் ஆசையைப் பேசுகிறேன்" என்றார். அதிலும் நியாயம் உண்டு. எனவே, பந்தின் வேகத்தை அளக்கும் கருவியுள்ள கடைக்கு இருவரும் சென்றோம். புது மட்டையில் அவருக்குக் கூடியது 7 கஜம். பந்துகளோ பழையபடியே வலப்புறம் சென்றன. பிறகு அவருடைய பழைய மட்டைக்கே, வயதுக்கு ஏற்ற, எடை குறைந்த, சற்று வளைந்து கொடுக்கும் தண்டு ஒன்றைப் பொருத்திப் பார்த்தார்கள். அதில் கூடியது 5 கஜம்! தண்டை மாற்றிக்கொண்டு, ஒரு பயிற்சியாளரிடம் மூன்று பாடங்களும் கேட்டார். இரண்டுக்கும் சேர்த்து, புது மட்டையின் விலையில் பாதிகூட ஆகவில்லை. கல்லூரிக் கட்டணமும் உரிய நாளில் கட்டப்பட்டது.

அவருடைய பந்து இன்னமும் சில நாட்களில் மரங்களுக்குள் போகத்தான் செய்கிறது. ஆனால் 105 அடிகளில் முடித்தவர், இப்போது 98-இல் முடிக்கிறார்.

கருவி பொருந்தாதபோது அதை மாற்றுவது அறிவுடைமையே. உயரத்துக்கும் வயதுக்கும் ஒவ்வாத மட்டை உண்மையில் தீங்கானது. பொருந்தும் கருவி வேறு, புதிய கருவி வேறு என்பதை மறவாதீர்கள். உங்கள் மகன் கிரிக்கெட் மட்டை கேட்டாலும், மகள் புதுத் தையல் இயந்திரம் கேட்டாலும், உடனே மறுத்துவிடாதீர்கள். உடனே வாங்கியும் கொடுத்துவிடாதீர்கள். இப்போதிருப்பதில் எங்கே தடுமாறுகிறாய் என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். அந்தப் பதிலிலிருந்தே, கடைக்குச் செல்வதா, பயிற்சிக்குச் செல்வதா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.