புளி போட்டுத் தேய்க்காதே

பித்தளை என்றாலே எனக்குப் புளிதான் ஞாபகம் வரும். வியாழக்கிழமை சாயங்காலமானால் அம்மா குத்துவிளக்கையும் செம்பையும் கிணற்றடியில் பரப்பிவிடுவாள். ஊறவைத்த புளி, கொஞ்சம் சாம்பல், தேங்காய் நார். அரை மணி நேரத்தில் எல்லாம் பளபளவென்று ஆகிவிடும். அந்தக் கைப்பழக்கத்தோடுதான் பேண்டு வாத்தியம் பழுது பார்க்கும் மாஸ்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

சேர்ந்த இரண்டாம் நாளே வினை. ஒரு டிரம்பெட்டைக் கையில் கொடுத்து, "தொடச்சு வை" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் டீ குடிக்கப் போனார். துடைத்ததில் எனக்குத் திருப்தி இல்லை. பக்கத்து மெஸ்ஸில் ஓர் உருண்டை புளி வாங்கிவந்து தேய்த்தேன். அவர் திரும்பி வரும்போது ஒரு பக்கம் மின்னியது, மறுபக்கம் சொறி பிடித்த மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது.

"டேய், இது என்ன உங்க வீட்டுக் குத்துவிளக்கா?"

அந்த மினுமினுப்பு பித்தளையுடையது அல்ல, மேலே பூசிய லேக்கருடையது என்று அன்றுதான் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு. புளியின் புளிப்பும் நாரின் சுரசுரப்பும் சேர்ந்து, ஏற்கெனவே தளர்ந்திருந்த பூச்சை உரித்துவிட்டன. பூச்சு போன இடத்தில் கை வியர்வை பட்டுப் பட்டுக் கறுக்கும். பிராசோ பாலிஷ் போட்டாலும் இதே கதைதான். வெள்ளி முலாம் பூசியது என்றால் ஒவ்வொரு தேய்ப்புக்கும் கொஞ்சம் வெள்ளி போகும். சொந்தக்காரர் வந்தபோது மாஸ்டர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கூலியில் 200 ரூபாய் குறைத்துக்கொண்டார். அதை என் சம்பளத்தில் பிடிக்கவும் இல்லை. பிடித்திருந்தால் இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது.

அதன்பிறகு மூன்று மாதம் வெளிப்புறத்தைத் தொடவே விடவில்லை. உள்ளே மட்டும்தான்.

டிரம்பெட்டின் குழாயை நீட்டிப் பிடித்தால் கிட்டத்தட்ட நாலே முக்கால் அடி வரும். அந்த நீளத்தைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். இழுத்து நீட்டும் ஸ்லைடு குழாய்களைக் கழற்றி, வால்வுகளை உருவி எடுத்து, ஒரு பழைய துண்டை விரித்த டப்பில் குழாயை ஊறப்போடுவோம். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில்தான் தண்ணீர் இருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் லேக்கர் போய்விடும். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு. இரண்டு முனையிலும் பிரஷ் வைத்த வளையும் கம்பியை உள்ளே விட்டு இழுக்க வேண்டும். மௌத்பீஸ் சொருகும் முதல் குழாயில் விட்டு முதன்முதலாக இழுத்தபோது கரும்பச்சையாகக் கூழ் வந்தது. அதற்குள் வெற்றிலைப்பாக்குத் துணுக்கு. அந்த நாற்றத்தில் மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வாட்டர் கீ என்ற சின்ன மூடியைத் திறந்து கொட்டும் தண்ணீரை எல்லோரும் எச்சில் என்கிறார்கள். பெரும்பகுதி எச்சில் இல்லை. மூச்சிலிருக்கும் ஈரம் குழாயில் பட்டுக் குளிர்ந்து நீரானது. ஆனால் அதோடு கொஞ்சம் எச்சிலும், கல்யாண வீட்டில் இரண்டு பாட்டுக்கு நடுவே குடித்த கலர் சோடாவும் உள்ளே போகின்றன. பித்தளையில் செம்பு நூற்றுக்கு ஏறக்குறைய 70 பங்கு, மீதி துத்தநாகம். ஈரமும் அழுக்கும் தங்கிய இடத்தில் துத்தநாகம் மட்டும் அரித்துப் போய், செம்பு சல்லடையாக நிற்கும். வெளியே இளஞ்சிவப்பாக ஒரு பொட்டு தெரியும். "பொட்டு தெரிஞ்சா உள்ள தின்னு முடிச்சிருச்சுன்னு அர்த்தம்" என்பார் மாஸ்டர். அதற்கு மருந்து கிடையாது, குழாயை மாற்ற வேண்டியதுதான். ஊதுகிறவருக்கும் ஆபத்து உண்டு. பல வருஷம் இருமிக்கொண்டிருந்த டிரோம்போன் கலைஞர் ஒருவருக்கு, கழுவாத வாத்தியத்தில் வளர்ந்த பூஞ்சையும் கிருமியுமே காரணம் என்று 2010-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். வாத்தியத்தைச் சுத்தம் செய்த பிறகு அவர் தேறினார்.

வால்வுதான் எனக்குக் கடைசியாகக் கைவந்தது. மூன்று பிஸ்டன்கள், ஒவ்வொன்றிலும் எண் வெட்டியிருக்கும். வாய்க்குப் பக்கத்தில் இருப்பது ஒன்றாம் எண். பிஸ்டனுக்கும் கூட்டுக்கும் உள்ள இடைவெளி தலைமயிரைவிடக் குறைவு. அதனால் உப்புத்தாள், பவுடர் எதுவும் ஆகாது. துவைத்துத் துவைத்து நைந்த வேட்டித் துணியால் துடைத்து, வால்வு எண்ணெய் மூன்று சொட்டு விட்டு, இறக்கி, மெதுவாகத் திருப்ப வேண்டும். விரலுக்கு ஒரு 'க்ளிக்' தட்டும். ஒருநாள் ஒன்றையும் மூன்றையும் மாற்றிப் போட்டுவிட்டு, கன்னம் வலிக்க ஊதினேன். காற்றே போகவில்லை. மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "நம்பர் எதுக்குடா வெட்டி வச்சிருக்கான், அழகுக்கா?" என்றார்.

வால்வு தேய்ந்திருக்கிறதா என்று அவர் பார்க்கும் விதம் எனக்குப் பிடிக்கும். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை லேசாக இழுப்பார். ஐந்து வரை எண்ணிவிட்டு வால்வை அழுத்துவார். 'டப்' என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. சத்தம் வராவிட்டால் ஒன்றும் பேசாமல் வாத்தியத்தை மேசையில் வைத்துவிட்டு, சொந்தக்காரரை ஏறிட்டுப் பார்ப்பார். பாதிப் பேர் வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டவர்களாக இருப்பார்கள். மார்கழிக் குளிரில் அது உறைந்து, பிஸ்டன் பாதியிலேயே நின்றுவிடும். மௌத்பீஸ் இறுகிவிட்டால் கட்டிங் பிளேயரால் திருகி முதல் குழாயையே முறுக்கிக் கொண்டுவருகிறவர்கள் தனி ரகம்.

இப்போது கடையில் தனியாகக் கழுவ என்னை விடுகிறார். பேண்டு அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். ஆடியில் கல்யாணம் இல்லை. கை காலியாக இருக்கும் அந்த மாதத்தில் வாத்தியத்தைக் கொண்டுவந்து கொடுங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து கதவைத் தட்டாதீர்கள். வரும்போது வெற்றிலையைத் துப்பிவிட்டு வாருங்கள்.