துப்பாக்கி லைசென்ஸ் கேட்கும் முன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சின்ன யூனிட் நடத்தும் நண்பர் ஒருவர், சம்பளப் பணத்தோடு ராத்திரி தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, துப்பாக்கி லைசென்ஸ் எடுக்கலாமா என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டிக்காரர்கள் திருவள்ளூர் கலெக்டரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆவடி போலீஸ் கமிஷனரேட் எல்லைக்குள் இருப்பவர்கள் கமிஷனரிடம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி மனநலம், உடல்தகுதி, போதைப் பழக்கம் இல்லாமை ஆகியவற்றுக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழியும் வேண்டும். உள்ளூர் போலீஸ் விசாரித்து அறிக்கை தரும். லைசென்ஸ் தர மறுத்தால் அப்பீல் செய்யலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும். ஒருவருக்கு அதிகபட்சம் 2 துப்பாக்கிதான்.

அந்த உறுதிமொழியைத்தான் யோசிக்கச் சொன்னேன். பிள்ளைகள் ஓடியாடும் ரெண்டு ரூம் வீட்டில் துப்பாக்கி எந்த பீரோவில் இருக்கும்? சாவி யாரிடம்? கோபம் வரும் நாளில் என்ன ஆகும்?

துப்பாக்கிக்குப் பதில், தொழிலாளர்களின் சம்பளத்தை பேங்க் அக்கவுண்டில் போட்டுவிடுங்கள். தெருவிளக்குக்கும் இரவு ரோந்துக்கும் எல்லோரும் சேர்ந்து மனு கொடுப்போம். ஷிப்ட் முடிந்து நடந்து வரும் பெண்களுக்கும் வடமாநிலத் தம்பிகளுக்கும் பாதுகாப்பு வேண்டும். அதைக் கேட்டு வாங்குவோம்.